பயந்த மனிதரின் ரயில் பயணங்கள்



சித்திரைப் புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கத்துத் தம்பிமார் கேட்டபோது நான் முதலில் மறுத்துவிட்டேன். ஏ.எல். உடன் படிப்பை நிறுத்திப்போட்டு, பக்ரறியில் மெசின் முன்னால் நிற்கிறவன் நான். எழுத்து எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனால் எனக்கு ரயில் பைத்தியம் இருக்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். லீவு நாளில் வேலையில்லாமல் ஸ்ரேசனில் நின்று ரயில் பார்க்கிற ஆள் நான்தான். வீட்டுக் கீழறையில் பலகை அடித்து விளையாட்டு ரயில் ஓட்டுகிறவனும் நான்தான். ஆகவே ரயிலைப் பற்றியே எழுதும் என்று விடாப்பிடியாக நின்றார்கள்.

வெறும் எஞ்சினையும் தண்டவாளத்தையும் பற்றி எழுதினால் வருசநாளில் யார் வாசிப்பார்கள்? அதனால் ரயிலை மனதார விரும்பிய ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவரை நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் அசிங்கமான வாத்துக்குஞ்சின் கதையும், தீக்குச்சி விற்ற சிறுமியின் கதையும், சின்னக் கடற்கன்னியின் கதையும் படிக்காத பிள்ளை டென்மார்க்கில் இல்லை. அந்தக் கதைகளை எழுதிய ஹான்ஸ் கிறிஸ்ரியன் அண்டர்சன்தான் அவர். ஏப்ரல் 2 ஆம் திகதி அவருடைய பிறந்தநாள். நமது புத்தாண்டுக்குப் பன்னிரண்டு நாள் முந்தி வரும்.

அவர் பெரிய கதாசிரியர் என்பது தெரிந்த விசயம். டென்மார்க்கில் ஒரு முழம் தண்டவாளம்கூட இல்லாத காலத்தில் வெளிநாட்டில் ரயில் ஏறி, அதைப் புகழ்ந்து எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் சரியான பயந்தாங்கொள்ளி என்பதும் தெரியாது. இந்த இரண்டும் எப்படி ஒரு மனிதரில் சேர்ந்தது என்பதுதான் எனக்கு அவரில் பிடித்த விசயம்.

அவர் 1805 ஆம் ஆண்டு, பூன் தீவிலுள்ள ஓடென்ஸ நகரில் பிறந்தார். தகப்பன் சப்பாத்துத் தைக்கிற தொழிலாளி. தாய் ஆற்றங்கரையில் நின்று மற்றவர்களின் உடுப்புத் தோய்த்துச் சீவித்தவர். எழுத்து வாசனை பெரிதாக இல்லாதவர். ஒரு சின்ன அறைதான் அவர்களுக்கு வீடு, பட்டறை, குசினி எல்லாம். தகப்பன் வறுமைப்பட்டாலும் புத்தகம் வாசிக்கிற மனிதர். இரவில் மகனுக்குக் கதை வாசித்துக் காட்டுவார். தன் கையாலேயே மகனுக்கு ஒரு பொம்மை நாடக மேடை செய்து கொடுத்தார். அந்தப் பிள்ளை வெளியில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடாமல், அந்தச் சின்ன மேடைக்கு முன்னால் இருந்து பொம்மைகளுக்கு உடுப்புத் தைத்துக்கொண்டு இருக்கும். பெரிய உலகத்தைச் சின்னதாகச் செய்து மேசையில் வைத்துப் பார்க்கிற பழக்கம் அங்கே தொடங்கியது. மொடல் ரயில் வைத்திருக்கிற எனக்கு அந்தப் பழக்கம் நன்றாக விளங்கும்.

நெப்போலியன் காலத்துப் போர் நடந்துகொண்டிருந்தது. தகப்பன் படையில் சேர்ந்து போய், 1814 இல் உடம்பு கெட்டுத் திரும்பி வந்தார். 1816 இல் இறந்துபோனார். பிள்ளைக்கு அப்போது பதினொரு வயது.

பதினான்கு வயதில் அந்தப் பையன் ஊரை விட்டு வெளிக்கிட்டான். கொப்பன்ஹேகனுக்குப் போய் நாடகத்தில் சேர்ந்து பேரெடுக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். தாய்க்கு மனமில்லை. ஆனால் குறி சொல்லுகிற ஒரு கிழவி, இந்தப் பிள்ளைக்காக ஒருநாள் ஓடென்ஸ நகரமே விளக்கேற்றும் என்று சொன்னாளாம். அதைக் கேட்டுத்தான் தாய் அழுதழுது விட்டாள். 1819 செப்ரெம்பர் 4 ஆம் திகதி, கையில் ஒரு சின்ன மூட்டையோடும் சேர்த்துவைத்த 13 றிக்ஸ்டாலர் காசோடும் பையன் தபால் வண்டியில் ஏறினான். நீபோர்க்கில் இறங்கி, பாய்க்கப்பலில் ஸ்ரோரபெல்ற் கடலைக் கடந்து, கோர்சோர் பக்கம் கரையேறினான். கரையில் ஒரு கொட்டிலுக்குப் பின்னால் போய் முழந்தாளிட்டு அழுது கும்பிட்டான். திரும்பவும் குதிரை வண்டி. செப்ரெம்பர் 6 ஆம் திகதி காலையில் கொப்பன்ஹேகனின் எல்லையில் இறங்கி, மிச்சத்தூரத்தை நடந்து நகருக்குள் போனான். குதிரை வண்டியும் பாய்க்கப்பலுமாக இரண்டு நாள் பயணம்.

அந்த நாட்களில் கொப்பன்ஹேகனில் யூதர்களுக்கு எதிரான கலவரம் வெடித்து, கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டுக்கொண்டிருந்தன. சனங்கள் தெருவில் குழம்பித் திரிகிற நேரத்தில்தான் இந்தப் பையன் அறிமுகம் ஒருவரும் இல்லாமல் வந்து சேர்ந்தான். தலைநகரில் கலவரம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நாடக அரங்கில் பாடிப் பார்த்தான். குரல் உடைந்துவிட்டது. ஆடிப் பார்த்தான். உடம்பு வளையவில்லை. கையில் இருந்த காசு முடிந்தது. கடைசியில் அரச நாடக அரங்கின் நிர்வாகிகளில் ஒருவரான யோனாஸ் கொலின் இரக்கப்பட்டு, அரச உதவி எடுத்துக் கொடுத்து, 1822 இல் சிலாகல்ஸ நகரிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். பதினேழு வயது வளர்ந்த ஆள், பதினொன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படிக்க வேண்டும். அதிபர் மைஸ்லிங் என்பவர் எல்லோருக்கும் முன்னால் வைத்து அவரைப் பரிகாசம் பண்ணுவார். அந்தக் கனவு கிழவனாகும் மட்டும் அவரை விடவில்லை. இங்கே வந்த புதிதில் மொழிப் பள்ளிக்கூடத்தில் இருந்து திக்கித் திணறிய நம்மவர்கள் இந்தப் பகுதியை வாசித்தால் பெருமூச்சு விடுவார்கள்.

எப்படியோ படித்து முடித்து, 1828 இல் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சை பாஸ் பண்ணினார். 1833 இல் அவர் றோம் நகரில் இருந்தபோது தாய் இறந்துவிட்டார் என்று கடிதம் வந்தது. செத்த வீட்டுக்கு வர வழியில்லை. 1835 இல் முதல் நாவலும், முதல் சிறுவர் கதைகளும் வெளிவந்தன. அந்தப் பேரையும் புகழையும் தாய் காணவில்லை.

இனி ரயிலுக்கு வருவோம்.

1840 ஆம் ஆண்டு ஒக்ரோபர் கடைசியில், கிரேக்கமும் துருக்கியும் பார்க்க வேண்டும் என்று அண்டர்சன் கொப்பன்ஹேகனை விட்டு வெளிக்கிட்டார். ஜேர்மனிக்குள் குதிரை வண்டியில் குலுங்கிக் குலுங்கிப் போனார். மாக்டபேர்க் நகரத்தில் இருந்து லைப்சிக் நகரத்துக்கு அந்த வருசம்தான் ரயில் பாதை முழுதாகத் திறந்திருந்தது. ஏறக்குறைய 118 கிலோமீற்றர். நவம்பர் 10 ஆம் திகதி அவர் அதில் ஏறினார். வயது 35. வாழ்க்கையில் முதல் ரயில்.

அந்தப் பயணத்தைப் பற்றி 1842 இல் வெளிவந்த 'ஒரு கவிஞனின் கடைவீதி' என்ற பயண நூலில் ஒரு தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். ரயிலைக் கண்டிராத டெனிஸ் சனங்களுக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுகிறார். வசதிக்கேற்ற மாதிரி வகுப்பு வகுப்பாகப் பெட்டிகள். காசில்லாதவர்களின் பெட்டிக்குக் கூரையும் இல்லை. விசில் சத்தம் அவருக்குப் பிடிக்கவேயில்லை. பன்றியை அறுக்கும்போது அது கத்துகிற சத்தத்துக்கு அதை ஒப்பிட்டார். ஏறி இருந்தபோது நெஞ்சு படபடத்தது. ஆனால் வண்டி அசைந்த விதம், ஒரு குழந்தை தன் விளையாட்டு வண்டியைக் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக இருந்ததாம். பிறகு தெரியாமலே வேகம் கூடியது. பனிமேல் சறுக்குகிற வண்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. கிட்ட இருந்த வேலிகள் பறந்து மறைந்தன. தூரத்து மரங்களும் ஊர்களும் ஆறுதலாக வட்டம் சுற்றின. யன்னலோரம் இருந்து ரயிலில் போன எவரும் இதைக் கண்டிருப்பார்கள். அவர் 1840 இலேயே அதைக் கவனித்து எழுதிவிட்டார்.

அக்காலத்தில் பல படித்தவர்கள், ரயில் வந்தால் பயணத்தின் அழகு செத்துப்போகும் என்று கவலைப்பட்டார்கள். அண்டர்சன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அடைசலான குதிரை வண்டிக்குள் புழுதி குடித்துக்கொண்டு இருப்பதில் என்ன அழகு என்பது அவருடைய நியாயம். பழைய கதைகளில் மந்திரவாதிகள் செய்த வித்தையை இப்போது மனிதன் மந்திரமில்லாமல், தன் மூளையால் செய்துவிட்டான் என்று அவர் வியந்து நின்றார். மாயக்கதை எழுதுகிறவர் இயந்திரத்தைப் பார்த்துப் பயந்து ஓடவில்லை. அதுவும் ஒரு மாயக்கதை என்றே எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி இரண்டு வசனம் சொல்ல வேண்டும். நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். எனக்கு ஒரு வயதாக இருந்தபோது, 1990 யூன் மாதத்தில், யாழ்ப்பாணத்துக்கு வருகிற கோச்சி நின்றுபோனது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் கட்டப் போய்விட்டன. ரயில் ரோட்டு என்று சொல்லி நாங்கள் விளையாடினது புல்லு முளைத்த ஒரு மண் அணையில்தான். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியைப் பற்றி ஐயா கதை கதையாகச் சொல்லுவார். நான் உண்மையான ரயிலைக் கண்டது இருபது வயதில், கொழும்புக் கோட்டை ஸ்ரேசனில். ஆகவே முப்பத்தைந்து வயதில் முதல் ரயில் ஏறியவரின் நெஞ்சு ஏன் படபடத்தது என்பதை ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்தவர்களை விட நான் கொஞ்சம் கூடுதலாக அறிவேன்.

அண்டர்சனுக்கு ரயிலில் மட்டும் பயம் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு எல்லாவற்றிலும் பயம். ஹொட்டலில் தீப்பிடித்தால் யன்னலால் இறங்கித் தப்ப வேண்டும் என்று பெட்டிக்குள் எப்போதும் ஒரு கயிறு கொண்டு திரிந்தார். அந்தக் கயிறு ஓடென்ஸ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய பயணப் பெட்டியும், தொப்பிப் பெட்டியும், குடையும்கூட இருக்கின்றன. நாயைக் கண்டால் பயம். பன்றி இறைச்சியில் புழு இருக்குமோ என்று பயம். நித்திரையில் செத்தவன் என்று நினைத்துப் புதைத்துவிடுவார்களோ என்று பயந்து, தான் சாகவில்லை என்று ஒரு துண்டில் எழுதிக் கட்டிலருகில் வைத்துவிட்டுப் படுப்பார். பாஸ்போட் துலைந்துவிட்டதோ என்ற பயம் வேறு. அக்காலத்தில் ஜேர்மனியும் இத்தாலியும் துண்டு துண்டான சிற்றரசுகள். எல்லைக்கு எல்லை கடதாசியைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். வண்டி வெளிக்கிட வெகுநேரம் முன்பே போய்க் காத்துக்கொண்டு இருப்பார். விமானத்துக்கு ஐந்து மணித்தியாலம் முந்திப் போய், பத்துத்தரம் பொக்கற்றைத் தடவிப் பார்க்கிற நம்மவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பயத்தோடும் அவர் தன் வாழ்நாளில் ஏறக்குறைய முப்பது தடவை வெளிநாடு போனார். எல்லாவற்றையும் கூட்டினால் ஒன்பது வருசத்துக்கு மேல் அந்நிய நாடுகளில் கழித்தார். பிற்காலத்தில் தனியாகப் போகப் பயந்து, இளைஞர்களுக்குத் தானே செலவு செய்து துணைக்குக் கூட்டிப்போனார். பயம் போகட்டும், அதன்பிறகு வெளிக்கிடுவோம் என்று அவர் இருந்திருந்தால் ஓடென்ஸவிலேயே இருந்திருப்பார். பயத்தையும் பெட்டிக்குள் கயிற்றோடு சேர்த்து வைத்துக் கட்டிக்கொண்டு ரயிலேறினார்.

இன்றைய டென்மார்க் எல்லைக்குள் முதல் ரயில் பாதை 1847 யூன் 26 ஆம் திகதி திறக்கப்பட்டது. கொப்பன்ஹேகனில் இருந்து றொஸ்கில்ட வரைக்கும், 31 கிலோமீற்றர் அளவு. இங்கிலாந்தில் மன்செஸ்ரரில் செய்த எஞ்சின்கள் வந்து இறங்கின. அவற்றில் ஒன்றின் பெயர் ஒடின். ஆனால் ரயிலின் அருமையை டெனிஸ்காரருக்கு எடுத்துச் சொன்ன மனிதர் அன்றைக்கு ஊரில் இல்லை. மூன்று நாளுக்கு முன்னர்தான் அவர் லண்டன் போய்ச் சேர்ந்திருந்தார். அங்கே அப்போது ரயில் பாதைகள் நாடு முழுக்க ஓடின. அந்தக் கோடையில் ஸ்கொட்லாந்து வரைக்கும் போய் வந்தார்.

ஒடினைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஓடென்ஸ ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஸ்ரேசனுக்குப் பக்கத்தில், எஞ்சின்களை நிறுத்திவைத்த பழைய வட்டக் கொட்டகையில் 1975 இல் திறந்தது. பழைய ஒடின் அழிந்துவிட்டது. அதே அளவில் திருப்பிச் செய்து வைத்திருக்கிறார்கள். மொடல் ரயிலும் இருக்கிறது. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், பிள்ளைகள் என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வருகிற மாதிரித்தான் முடியும்.

மொடல் ரயிலுக்கும் அண்டர்சனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டு சம்பந்தம் இருக்கிறது.

முதலாவது, ஹான்ஸ் கிறிஸ்ரியன் ஏர்ஸ்ரெட். டென்மார்க்கின் பெரிய விஞ்ஞானி. மின்சாரம் ஓடுகிற கம்பிக்குப் பக்கத்தில் வைத்தால் திசைகாட்டி ஊசி திரும்புகிறது என்று 1820 இல் கண்டுபிடித்தவர். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை உலகம் அப்போதுதான் அறிந்தது. மின் மோட்டருக்கு வழி திறந்தது. அந்த ஏர்ஸ்ரெட்தான் அண்டர்சனுக்கு ஆசான், நண்பன். ஏழை மாணவனாக இருந்த காலத்தில் வாரத்தில் ஒருநாள் அவர் வீட்டில்தான் அண்டர்சனுக்குச் சாப்பாடு. விஞ்ஞானத்தைப் பார்த்து மிரளக்கூடாது, அதிலும் அழகு உண்டு என்பதை அந்த வீட்டு மேசையில்தான் அவர் படித்தார். இன்றைக்கு என் கீழறையில் நான் சுவிச்சைத் திருப்ப, சுருட்கம்பிக்குள் மின்சாரம் ஓடி, அது காந்தமாகி, விரலளவு மோட்டர் சுற்றி, எஞ்சின் அசைகிறது என்றால், அதற்கு அடி அந்த 1820 ஆம் ஆண்டில் இருக்கிறது.

இரண்டாவது, லைப்சிக் நகரம். அண்டர்சன் முதல் ரயிலில் போய் இறங்கிய அதே நகரில், ஐம்பது வருசம் கழித்து 1891 இல் நடந்த சந்தையில்தான் மார்க்லின் கொம்பனி, வளைவும் நேருமாகத் துண்டு துண்டாகப் பொருத்துகிற தண்டவாளத்தோடு, சாவி கொடுத்தால் ஓடுகிற விளையாட்டு ரயிலைக் காட்டியது. அன்று தொடங்கியதுதான் இன்றைக்கு ஐரோப்பாவில் பெரியவர்கள் கூட விடாமல் வைத்திருக்கிற இந்தப் பொழுதுபோக்கு. என்னிடம் இருப்பவை எல்லாம் பழைய சாமான் சந்தையில் வாங்கியவை. எச் சீரோ என்ற அளவு. உண்மையான ரயிலின் 87 இல் ஒரு பங்கு. 1435 மில்லிமீற்றர் அகலமுள்ள ஐரோப்பியத் தண்டவாளம் அதில் பதினாறரை மில்லிமீற்றர் ஆகிறது. நம் ஊர்த் தண்டவாளம் இன்னும் அகலம், 1676 மில்லிமீற்றர். அந்த அளவில் மொடல் எனக்குக் கிடைக்கவில்லை. பழைய ஜேர்மன் பெட்டிகளுக்குச் செங்காவி நிறம் அடித்து நானே யாழ்தேவி என்று பெயர் வைத்திருக்கிறேன். தண்டவாளம் ஒடுக்கம் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அண்டர்சன் வருங்காலத்தைப் பற்றியும் எழுதினார். 1852 இல் எழுதிய ஒரு சின்னக் கதையில், ஆயிரம் வருசத்துக்குப் பிறகு அமெரிக்க இளைஞர்கள் ஆகாயத்தில் நீராவிக் கப்பலில் வந்து, எட்டு நாளில் ஐரோப்பா முழுவதையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இங்கிலாந்தில் இருந்து பிரான்சுக்குக் கடலுக்கடியால் சுரங்கத்தில் போகிறார்கள். ஆயிரம் வருசம் தேவைப்படவில்லை. 1994 இலேயே அந்தச் சுரங்கம் திறந்து ரயில் ஓடியது.

இவ்வளவு பயணம் செய்தவருக்குச் சொந்த வீடு இருக்கவில்லை. கலியாணமும் செய்யவில்லை. வாடகை அறை, ஹொட்டல், பணக்கார நண்பர்களின் மாளிகை என்று மாறி மாறி இருந்தார். 1866 இல், 61 வயதில்தான், முதன்முதலாகத் தனக்கென்று தளபாடம் வாங்க வேண்டி வந்தது. கட்டிலும் வாங்கினார். அதில் சந்தோசப்படவில்லை. இந்தக் கட்டில் தன்னைவிடக் கனகாலம் இருக்கும் என்று கவலைப்பட்டார். கம்பளிப் போர்வையும் பெட்டியுமாகக் காம்பில் இருந்துவிட்டு, பிறகு முதல் கட்டில் வாங்கிய நாளை நினைவு வைத்திருப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். நிரந்தரமாக ஒரு சாமான் வாங்குவது சிலருக்குச் சந்தோசம், சிலருக்குப் பயம்.

ஓடென்ஸவுக்கு ரயில் வந்தது 1865 செப்ரெம்பரில். இலங்கையில் கொழும்பில் இருந்து அம்பேபுசவுக்கு முதல் ரயில் ஓடியதும் ஏறக்குறைய அதே காலம்தான். அண்டர்சனுக்கு அப்போது அறுபது வயது. தாய் இறந்து 32 வருசம்.

1867 இல் ஓடென்ஸ நகரசபை அவருக்குக் கௌரவ குடிமகன் பட்டம் தர முடிவு செய்து அழைத்தது. டிசம்பர் மாதம், கடும் குளிர். கொப்பன்ஹேகனில் ரயிலேறினார். கோர்சோர் வரைக்கும் பாதை 1856 இலேயே வந்துவிட்டது. அங்கே நீராவிக் கப்பலில் ஸ்ரோரபெல்ற்றைக் கடந்து, நீபோர்க்கில் திரும்ப ரயில். 48 வருசத்துக்கு முன்னர் மூட்டையோடு வந்த அதே வழி, மறுபக்கமாக. அன்றைக்கு இரண்டு நாள் எடுத்தது. இப்போது ஒரு நாளுக்குள் முடிந்தது. ஓடென்ஸவில் பிஷப் அவரை வரவேற்றுத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். உடுப்புத் தோய்க்கிறவளின் மகன் பிஷப் வீட்டு விருந்தாளி.

டிசம்பர் 6 ஆம் திகதி விழா. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. இரவில் தீப்பந்த ஊர்வலம் வந்தது. நகரம் முழுக்க யன்னல்களில் விளக்கேற்றினார்கள். குறி சொன்ன கிழவியின் வார்த்தை பலித்தது. ஆனால் பாருங்கள், மனிதருக்கு அன்றைக்குப் பொல்லாத பல்லுவலி. திறந்த யன்னலால் குளிர்காற்று அடிக்க, வலியோடு நின்றுதான் அந்த விளக்குகளைப் பார்த்தார். இதை அவரே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். விளக்கேற்றிய நாளைப் பார்க்கத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. என்றாலும் அவர் போனார்.

1875 ஓகஸ்ட் 4 ஆம் திகதி, கொப்பன்ஹேகனுக்கு வெளியே மெல்கியோர் என்ற யூதக் குடும்பத்தின் வீட்டில் அவர் இறந்தார். கடைசி நாட்களில் அவர்கள்தான் சொந்தப் பிள்ளைகள் மாதிரிப் பார்த்தார்கள். பதினான்கு வயதில் அவர் நகருக்குள் நுழைந்தபோது எந்தச் சனத்தின் யன்னல்களுக்குக் கல்லெறிந்தார்களோ, அந்தச் சனத்தின் வீட்டில்தான் அவருடைய உயிர் அமைதியாகப் பிரிந்தது. நோறபுறோ பகுதியில் உள்ள அசிஸ்ரென்ஸ் மயானத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் சென்ற வழியில் 1997 இல் ஸ்ரோரபெல்ற் கடலுக்கடியால் சுரங்கமும் அதற்கப்பால் பாலமுமாக ரயில் ஓடத் தொடங்கியது. ஓடென்ஸவில் இருந்து கொப்பன்ஹேகனுக்கு வேக ரயிலில் ஒன்றேகால் மணித்தியாலம் அளவுதான். கோப்பி ஒன்று வாங்கிக் குடித்து முடிக்கக் கடல் தாண்டிவிடும். நான் அந்தச் சுரங்கத்துக்குள் போகும்போதெல்லாம் மேலே பாய்க்கப்பலில் மூட்டையோடு குந்தியிருந்த பையனை நினைப்பதுண்டு.

முடிக்க முன்னர் இன்னொரு விசயம். 2014 ஒக்ரோபர் 13 ஆம் திகதி, இருபத்துநாலு வருசத்துக்குப் பிறகு, யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாண ஸ்ரேசனுக்கு வந்தது. ஐயா அதற்கு இரண்டு வருசத்துக்கு முன்னர் மோசம் போய்விட்டார். கோச்சி வந்தால் இரண்டுபேரும் யன்னலோரம் இருந்து வருவோம் என்று சின்னனில் எனக்குச் சொல்லி வைத்தவர். அவர் இல்லாத ஸ்ரேசனில் இறங்கி என்ன செய்வது என்று நான் பல வருசம் போகாமல் இருந்தேன். பயம் என்றும் சொல்லலாம். டெனிஸ் பாஸ்போட் கையில் இருந்தும் பயம். ஓடென்ஸவில் அந்தக் கயிற்றையும் பெட்டியையும் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு வந்த கிழமைதான் ரிக்கற் போட்டேன்.

2018 இல் மகனைக் கூட்டிக்கொண்டு போய்க் கோட்டையில் விடிய ஏறினோம். பாஸ்போட்டை எத்தனைதரம் தடவிப் பார்த்தேன் என்று மகன் எண்ணிச் சிரித்தான். வவுனியா தாண்ட அவன் நித்திரையாகிவிட்டான். ஆனையிறவு வர எழுப்பினேன். இரண்டு பக்கமும் கடல்நீரேரி, உப்புக்காற்று, நடுவில் நாங்கள். கிட்ட இருந்தவை பறந்தன, தூரத்துப் பனைகள் ஆறுதலாகச் சுற்றின. யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது எங்களைக் கூப்பிட ஒருவரும் வரவில்லை. நான் சின்னனில் விளையாடிய மண் அணையில் தண்டவாளம் பளபளவென்று கிடந்தது. மகன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுத் தண்டவாளத்தை விட இது அகலம் என்றான். எனக்கு மட்டும் தெரிந்த விசயம் அன்று அவனுக்கும் தெரிந்துபோனது.

இங்கே சிலர் இன்னும் கொம்யூனுக்கு வெளியே தனியாக ரயிலேறப் பயப்படுகிறார்கள். மொழி தெரியாது, மாறி ஏறிவிடுவோம், ரிக்கற் பரிசோதகர் பேசுவார் என்று பல நியாயம். குறை சொல்லவில்லை. பயம் வருவது குற்றமில்லை. உலகம் முழுக்கப் பேர் பெற்ற மனிதருக்கே நாயைக் கண்டால் பயம். தேவையென்றால் ஒரு கயிற்றையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஏறுங்கள். ஓடென்ஸ வரைக்கும் என்றாலும் ஒருக்கால் போய் வாருங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சங்கத்தில் சொல்லிவிடுங்கள், நான் வருவேன். எனக்கு ரயிலேற ஒரு சாட்டு.